பேராசிரியரின் பதிவில் ஓர் எருமை

பேராசிரியர் இனேஸுக்கு மலேசியாவின் ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அதற்காக அவர் என்னைப் பழிவாங்கிய இடம் புதுச்சேரி.

இனேஸ் அம்மையார் ஸ்பெயின் நாட்டு மொழியியல் பேராசிரியர். ஒரு வருடம் எங்கள் ஊரில் ஸ்பானிய மொழி கற்பிக்க வந்தவர், என் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மூன்று முறை தேர்வில் தோற்றார். மூன்று முறைக்கும் காரணம் ஒன்றுதான்: யாராவது பேசினால் சாலையை விட்டுவிட்டு அவர்கள் வாயைப் பார்ப்பார். எதிரே லாரி வரும். நான் "பிரேக்! பிரேக்!" என்று அலறுவேன். "அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல், உன் நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கிறேன்" என்பார். நாக்கு மட்டுமில்லை, உயிரும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அவர் புதுச்சேரியில் இருக்கிறார். காலையில் ஒரு கல்லூரியில் ஸ்பானிய வகுப்பு. பிற்பகலில் மீனவர் ஊர்களில் ஆராய்ச்சி. தங்களுக்கு நடந்ததை மக்கள் எப்படிக் கதையாகச் சொல்கிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்வது. மிச்ச நேரத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு மனு எழுதவும் அலுவலகம் போகவும் துணை. அவருக்கு மொழிபெயர்த்த பெண்ணுக்குத் திடீரென்று கல்யாணம். "ஒரு வாரம் வா. நீயும் தமிழன், அவர்களும் தமிழர்கள், என்ன கஷ்டம்?" என்று எனக்கு எழுதினார். விமானச் செலவு அவருடையது. ஐம்பத்து மூன்று வயதில் இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் என் அறிவு வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை, நான் தங்கிய விடுதியின் முதலாளி ஒரு தட்டில் நீளமான பிரெஞ்சு ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிரான்சில் பாதி ஆயுளைக் கழித்த பெரியவர். என்னை "முசியே" என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் ரொட்டி சானாய், இங்கத்திய பரோட்டாவின் தம்பி. அதை நாம் கிழிப்போம். இந்த ரொட்டி நம்மைக் கிழிக்கிறது. ஈறில் ரத்தம் வந்ததைக் காட்டினேன். "அதான் முசியே ஒரிஜினல்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

பிள்ளைச்சாவடி என்ற மீனவர் ஊருக்கு ஆட்டோவில் போனோம். ஓட்டியவர் பெயர் குமார். முப்பது வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மாணவர்களின் உயிரைக் காப்பாற்றுகிறவன் நான். என் காலுக்குக் கீழே தனி பிரேக் இருக்கும். குமாரின் ஆட்டோவில் அது இல்லை. ஆனால் கால் கேட்கவில்லை. பேருந்து வந்தால் மிதித்தேன், மாடு வந்தால் மிதித்தேன், ஒன்றும் வராதபோது அதுவே சந்தேகமாக இருந்ததால் இன்னும் பலமாக மிதித்தேன்.

"அண்ணே, தரை ஓட்டையாயிடும்ணே" என்றார் குமார், தலையை முழுதாகப் பின்னால் திருப்பி.

"ரோட்டைப் பாருங்க!"

"ரோடு எங்கண்ணே போவப் போவுது?"

பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஈப்போ லாரி அவர் கண்ணில் தெரிந்தது.

பிள்ளைச்சாவடியில்தான் தனத்தைப் பார்த்தேன். மீன் விற்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறார். வீடு போனவர்களுக்கு வேறிடத்தில் மனை கொடுக்கிறார்கள். பட்டியலில் தனத்தின் பெயர் இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், தனத்துக்கு முன்னால் மட்டும் சிரிக்காதீர்கள்.

அந்தத் தெருவில் பதினேழு பேர் ஒரே மனு எழுதுபவரிடம் போயிருக்கிறார்கள். அந்த மகான் முதல் மனுவை உருகி உருகி எழுதினார். மற்றதற்கெல்லாம் பெயரை மட்டும் மாற்றினார். முதல் ஆளுக்கு ஒரு பழுப்பு ஆடு கடலோடு போயிருந்தது. ஆகவே பதினேழு பேருக்கும் ஒரு பழுப்பு ஆடு போயிற்று. அதிகாரி எல்லாவற்றையும் திருப்பிவிட்டார்.

"‘அது தெருவா, ஆட்டுப்பட்டியா’ன்னு கேக்கறாருங்க" என்றார் தனம். "நான் ஆடே வளத்ததில்ல. எனக்கு ஆட்டு வாசனையே ஆவாது."

அதிகாரி கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்திருந்தார்: வெள்ளிக்கிழமை வந்து, அந்த வீட்டில் தான்தான் இருந்தேன் என்பதைத் தனம் சொந்த வார்த்தையில் எழுதியோ சொல்லியோ நம்பவைக்க வேண்டும். தவறினால் அவர் மனு மூடப்படும். தனத்துக்கு எழுத வராது. அவர் சொல்வதைப் பதிவு செய்து, அப்படியே எழுத்தில் இறக்கித் தருவதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்றைக்கு ஒத்திகையாக, மீன் ஏலம் எப்படி நடக்கும் என்று பேசச் சொன்னோம். தம்பி வீட்டு வாசலில், இரண்டு டிரம்மின் மேல் பலகை போட்டு பிளாஸ்டிக் விரித்த மேசை. அதன்மேல் ஒலிப்பதிவுக் கருவி. தனம் விளாசினார். பாதி புரிந்தது, மீதியை அவர் முகத்தைப் பார்த்து மொழிபெயர்த்தேன். நன்றாகத்தான் போயிற்று என்று நினைத்தேன்.

சாயங்காலம் பேராசிரியர் பதிவைப் போட்டுக் காட்டினார். தனத்தின் குரல், நடுவில் "ம்". மறுபடி தனம், மறுபடி "ம்ம்". பிறகு "ம்ம்ஹும்".

"என் பதிவில் ஓர் எருமை இருக்கிறது" என்றார் அமைதியாக.

"அது நான்தான்."

"தெரியும். அவர் பேசும் ஒவ்வோர் ஒலியும் எனக்கு வேண்டும். அதன்மேல் நீ ஏறி உட்கார்ந்திருக்கிறாய். இனிமேல் பதிவு ஓடும்போது உன் வாய் திறக்கக்கூடாது. மூச்சையும் மூக்கால் விடு."

தமிழனிடம் உம் கொட்டாதே என்பது, மழையிடம் நனைக்காதே என்பதுபோல. ஆனால் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர். தலையாட்டினேன். தலையாட்டும்போதும் "ம்" என்று வந்துவிட்டது.

செவ்வாய் காலை அவருடைய வகுப்புக்குப் போனேன். இருபது பேர். பாதிப் பேருக்கு வெளிநாட்டு வேலைக் கனவு, மீதிப் பேருக்கு அறையின் குளிர்சாதனம். பேராசிரியர் ஒரு பெண்ணை எழுப்பி ஸ்பானிய மொழியில் எதையோ சொல்லச் சொன்னார். அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். மற்றவர்கள் கோவில் சிலைகள்போல உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள் இப்படி உட்கார்ந்திருந்தால் அவள் செத்துப்போவாள்! கேட்கிறவனும் வேலை செய்ய வேண்டும். ‘சி’ என்று சொல்லுங்கள், ‘க்ளாரோ’ என்று சொல்லுங்கள்!"

சி என்றால் ‘ஆமாம்’, க்ளாரோ என்றால் ‘அதானே’ என்பதுபோல ஒன்றாம். இருபது பேரும் க்ளாரோ க்ளாரோ என்று கத்த, அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்தது. கடைசி வரிசையில் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சல் வந்தது. அவர்கள் கத்தினால் பாடம், நான் கத்தினால் கால்நடை.

பிற்பகல், தனத்தின் கதை. நான் வாயை அடைக்க ஒரு பெரிய புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். பேராசிரியர் விரலைக் காட்டினார். கருவி ஓடத் தொடங்கியது.

"வூடு இருந்துச்சுங்க. கடல் வந்துச்சு. வூடு போச்சு."

பேராசிரியர் பொறுமையாகக் காத்திருந்தார். நான் மிட்டாயோடு காத்திருந்தேன். தனம் எங்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ்ளோதாங்க" என்று எழுந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று ஏலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய வாய், சொந்த வீட்டைப் பற்றி மூன்று வரியில் முடித்துக்கொண்டது. "துயரம்" என்று பேராசிரியர் ஏட்டில் எழுதிக்கொண்டார். நானும் துயரம்தான் என்று ஆமோதித்தேன். முட்டாள்கள் இரண்டு பேர் ஒத்துப்போனால் அதற்கு ஆராய்ச்சி முடிவு என்று பெயர்.

புதன்கிழமை எனக்கும் ஓர் இறால் வறுவலுக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அந்த நாளைப் பற்றிப் பயணக் கட்டுரையில் எழுதுவது நாகரிகமில்லை. விடுதிப் பெரியவர் கதவுக்கு வெளியே நின்று, "முசியே, பிரெஞ்சுச் சாப்பாட்டுல இதெல்லாம் வராது" என்று ஆறுதல் சொன்னார்.

வியாழக்கிழமை. மறுநாள் அதிகாரி. கையில் இருப்பது மூன்று வரி. மறுபடியும் அதே மேசை, அதே மிட்டாய். தேர்வுக்குப் போவது தனம். ஆனால் மாணவியைத் தேர்வுக்கு அனுப்பும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குவது எனக்குத்தானே வழக்கம். வயிற்றில் கலக்க மிச்சம் எதுவும் இல்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

"வூடு இருந்துச்சுங்க" என்று தொடங்கினார் தனம். நிறுத்தினார். எங்களை முறைத்தார்.

"ஏங்க, நான் யாருகிட்ட பேசறேன்? ரெண்டு பேரும் செவுரு மாதிரி உக்காந்திருக்கீங்க. நான் சொல்றது பொய்யின்னு தோணுதா? அந்த ஆபீசரும் இப்பிடித்தான் உக்காந்திருந்தாரு. போன தடவ அவரு மூஞ்சியப் பாத்தே எனக்கு மறந்துபோச்சு. ஏன்ணே, மலேசியாவுல வாய வாடகைக்கு வுட்டுட்டீங்களா?"

பேராசிரியர் விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்தார். தனம் கூடையைப் பார்த்தார். கூடையைத் தொட்டால் கதை முடிந்தது, மனையும் முடிந்தது. மிட்டாய் வாயிலிருந்து விழுந்து பிளாஸ்டிக்கின்மேல் உருண்டது.

"ம்!" என்றேன்.

தனம் உட்கார்ந்தார்.

"மொதல்ல தொவைக்கிற கல்லு போச்சுங்க."

"ம்."

"கல்லுதான, போவட்டும்னு வுட்டுட்டேன். மூணாம் நாளு சமையக்கட்டுச் செவுரு. கொழம்பு கொதிக்குது, செவுரு அப்பிடியே படுத்துடுச்சு. அடுப்பு நிக்குது, கொழம்பு நிக்குது, எதுக்கால கடலு."

"அடப்பாவமே! அப்புறம்?"

"அப்புறம் என்னா, கடலப் பாத்துக்கிட்டே கொழம்ப எறக்கினேன். வஞ்சிரக் கொழம்புங்க. வுட்டுட முடியுமா?"

"ம்ஹும், முடியாது."

பேராசிரியர் ஏட்டில் எருமை, எருமை என்று கோடு கிழித்துக்கொண்டே போனார். நான் கண்டுகொள்ளவில்லை. தனம் கொட்டினார்: கணவர் கேரளா பக்கம் படகு வேலைக்குப் போயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரி தன் பீரோவை இழுக்க இவரைக் கூப்பிட்டது, இழுத்த பீரோ திறந்துகொண்டு புடவையெல்லாம் அலையில் விரிந்தது.

"என் வூட்ல எதுவும் எடுக்க முடியல. கதவ மட்டும் கழட்டினேன். அந்த வூட்ல அது ஒண்ணுதான் நான் மீன் வித்துப் போட்டது. படகுக்கு அடிச்சது போக மிச்சமிருந்த நீலத்தை நானே அடிச்சேன். மத்ததெல்லாம் எடுத்துக்கோ, இத குடுக்க மாட்டேன்னு கடலுகிட்டயே சொன்னேன். தலையில வெச்சிக்கிட்டு வந்துட்டேன்."

"ம்... இப்ப எங்க அந்தக் கதவு?"

"இதோ. நீங்க டேப்பு வெச்சிருக்கீங்களே, அதான்."

ஒரு மாதமாகப் பேராசிரியர் அதன்மேல்தான் முழங்கையை ஊன்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக்கை உருவிப் பலகையைப் புரட்டினோம். நீலக் கதவு. ஓரத்தில் மீன் செதிலுக்கு அடியில் ஒரு சின்னத் தகரத் தகடு. வீட்டு வரி எண்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரு கேட்டீங்க?"

திரும்பும் வழியில் பேராசிரியரிடம் என் வழக்கை வைத்தேன். உங்கள் வகுப்பில் க்ளாரோ, என் வாயில் மட்டும் எருமையா?

"அது பாடம். இது தரவு" என்றார். ‘தரவு’ மட்டும் தமிழில். அவருக்குச் சுத்தமாக வரும் தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

"இல்லை, இது கதவு" என்றேன். அவர் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். விடுதி வரும்வரை நான் தரையை மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை குமாரின் ஆட்டோக் கூரையில் கதவை வலைக்கயிற்றால் கட்டினோம். அலுவலகம் பழைய பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஒயிட் டவுனில். மஞ்சள் சுவர், காகிதப்பூ, இரண்டு மொழியில் தெருப்பெயர். மூன்றாவது திருப்பத்தில் கயிறு தளர்ந்து, கதவு முன்பக்கம் சறுக்கி, கண்ணாடியை முழுவதும் மறைத்துவிட்டது. நான் மிதித்தேன். வண்டி நின்றது. குமார் மிதித்ததால்தான் என்று அவர் சொல்கிறார்; நான் விவாதிக்க விரும்பவில்லை.

மறுபடி கட்டுவதற்காகக் கதவை ஒரு மஞ்சள் சுவரில் சாய்த்தோம். அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முந்தைய புகைப்படம் எடுக்க வந்தவர்கள், ஓடிவந்து அதன் முன்னால் நின்றார்கள். "என்ன அழகு! எவ்வளவு பழமை!" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் உருகி, கதவில் சாயப் போனாள்.

"யம்மா, சாயாத" என்றார் தனம். "கடல் தள்ளியே ஒடையல. நீ சாஞ்சு ஒடைச்சிடப் போற."

அதற்குள் பின்னால் இன்னும் இரண்டு ஜோடி வரிசையில். புகைப்படக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில், இது எந்தப் பிரெஞ்சு மாளிகையின் கதவு, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். தனத்துக்கு மொழிபெயர்த்தேன்.

"தாராளமா பாக்கட்டும். நீச்சல் தெரியுமான்னு கேளுங்க."

வீடு இருந்தபோது ஒருவரும் எட்டிப்பார்க்காத கதவு, வீடு போனதும் காட்சிப்பொருளாகிவிட்டது. ஒயிட் டவுன் முழுவதும் இதே வியாபாரம்தான்; மக்கள் கதவுகளைப் படமெடுக்கிறார்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நாங்கள் கதவைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அலுவலகத் தாழ்வாரத்தில் அதைச் சாய்த்து, குமாரைக் காவலுக்கு வைத்தோம்.

தனத்தின் ரவிக்கைக் கழுத்தில் காலையில் பேராசிரியர் குத்திவிட்ட சின்ன ஒலிவாங்கி அப்படியே இருந்தது; பதற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அதிகாரி, பேராசிரியர் தன் மாணவி ஒருத்தியை வைத்து இரவோடு இரவாகத் தட்டச்சு செய்த பக்கங்களைப் புரட்டினார். "நடுவுல நடுவுல ‘ம்’, ‘ம்’னு போட்டிருக்கே, இது யாரு?"

மொழியியல் நேர்மை. என் ஒவ்வோர் எருமைக் குரலுக்கும் எண் போட்டு எழுதியிருந்தார்.

"நான்தான் சார். மொழிபெயர்ப்பாளர்."

"யாருக்கு? இந்தம்மா பேசறது தமிழ், நான் பேசறதும் தமிழ். நீங்க எந்த ஊரு?"

"மலேசியா."

"என்னா விசா?"

கைவிலங்கு, தூதரகம், ஈப்போவில் என் பள்ளியைப் போட்டியாளன் வாங்குவது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. "சுற்றிப் பார்க்க வந்தேன் சார்."

"அப்ப சுத்திப் பாருங்க. வாயத் தொறக்காதீங்க." பக்கங்களை ஓரமாகத் தள்ளினார். "காயிதத்துல பதினேழு ஆடு பாத்தாச்சு. நீ வாயால சொல்லும்மா. அந்த வூட்ல நீதான் இருந்தியா?"

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பீரோ, ஒரு நாட்காட்டி, ஒரு மின்விசிறி.

"வூடு இருந்துச்சுங்க" என்றார் தனம். "கடல் வந்துச்சு. வூடு போச்சுங்க."

அதிகாரி கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. தனம் என்னைப் பார்த்தார். என் தொண்டையில் ‘ம்’ வந்து நின்றது. அதன்மேல் விசா ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் கதை ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டே கல்லாக நின்றேன். அவர் கை கூடையைத் தேடியது. கூடை இல்லாததால் முந்தானையைப் பிடித்தது.

"ம்."

நான் இல்லை. என் பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் மூக்கு அதிகம், ஆனால் சந்தேகமில்லாமல் ‘ம்’. பேராசிரியர் காது வரை சிவந்திருந்தார்.

அதிகாரி நிமிர்ந்தார். தனம் பேராசிரியரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல தொவைக்கிற கல்லு போச்சுங்க."

"ம்."

"மூணாம் நாளு சமையக்கட்டுச் செவுரு."

"ம்!"

குழம்பு வந்த இடத்தில் அதிகாரி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "என்னா கொழம்பு?"

"வஞ்சிரம் சார்."

கதவு வந்த இடத்தில் எழுந்து வெளியே போனார். தகட்டைக் கட்டைவிரலால் துடைத்தார். எண்ணைப் பழைய பதிவேட்டில் தேடச் சொன்னார். தனம் பெயரிலேயே இருந்தது. திரும்பி வந்து பட்டியலை எடுத்து, பென்சிலால் பெயரை எழுதினார்.

"அடுத்த வாரம் ஒருதடவ சரிபாக்கணும். ஆதாரத்துக்குக் கதவ இங்கயே வெச்சிட்டுப் போம்மா. மத்தவங்களையும் ஒருத்தர் ஒருத்தரா வரச் சொல்லு. ஆடு இல்லாம."

தனம் அசையவில்லை. "பென்சில் அழிஞ்சிடும் சார். கதவ வுட்டுட்டுப் போவ மாட்டேன். கடலுக்கே குடுக்கல. நீங்க மனையக் குடுங்க, கதவு என்கிட்ட இருக்குது."

அதிகாரி தனத்தைப் பார்த்தார், தாழ்வாரத்துக் கதவைப் பார்த்தார்.

"ம்" என்றார். பேனாவை எடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில்தான் ஒலிவாங்கி நினைவுக்கு வந்தது. பேராசிரியர் பதிவை ஓடவிட்டார். தாழ்வாரத்தில் குமாரோடு நான் பயத்தில் உளறியது, தனத்தின் கதை, ஸ்பெயின் நாட்டு ‘ம்’, கடைசியில் அதிகாரியின் ‘ம்’. ஏட்டைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். எருமை ஒன்று, ஈப்போ. எருமை இரண்டு, இனேஸ். மூன்றாவதற்கு என்ன எழுதுவதென்று பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்ட மனிதரை அப்படி எழுதலாமா என்று அவருக்குத் தயக்கம்.

தனத்திடம் கேட்டேன்.

"எழுதிக்கச் சொல்லுங்க" என்றார் தனம், தலைக்கு மேலே கதவின் விளிம்பைப் பிடித்தபடி. "பட்டா கைக்கு வர்ற வரைக்கும் அதுவும் எருமதான்."